குழாயடி காலியாக இருந்த நேரம்

ஜனவரி 9

அக்காவுக்கு,

உங்கள் தம்பி பெண்டாட்டி சலாம் சொல்லி எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டுவிடுவீர்களோ என்று பயந்து, உறையின் மேல் முகவரியை எதிர்வீட்டு நர்ஸிடம் எழுதி வாங்கினேன். இந்த வரி வரைக்கும் படித்துவிட்டீர்கள் என்றால் அந்தப் புண்ணியம் அவளுக்குத்தான்.

உங்கள் ஊரிலிருந்து இங்குள்ள புனிதப் பள்ளிவாசலுக்கு அடுத்த மாதம் ஒரு கூட்டம் வருகிறதாமே. விடியலில் வந்து இறங்கி, ஐந்து வேளையும் இங்கேயே தொழுதுவிட்டு, இரவு பஸ் ஏறுகிற பயணம். அதில் உங்கள் பெயரும் இருக்கிறது என்று, போன வாரம் இங்கே தொழ வந்த உங்கள் தெருக்காரர் ஒருவர் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து உங்கள் தம்பி ஒரு நிலையில் இல்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டு மறுபடி எடுத்துக் கழுவுகிறார். கேட்டால், "ஒண்ணுமில்ல, நீ உன் வேலையப் பாரு" என்கிறார்.

அவருக்கு உடம்பு முன்போல இல்லை அக்கா. பள்ளியில் குழாய் வேலைக்கு வாரத்தில் பாதி நாள்தான் போகிறார். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இதையெல்லாம் எழுதுகிறேன் என்று தெரிந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

பள்ளியின் பின்வாசலில் இறங்கினால் எங்கள் தெருதான். மதிய லுஹருக்கும் மாலை அசருக்கும் நடுவில் எவ்வளவோ நேரம் இருக்கிறது. ஒரு எட்டு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகக் கூடாதா? அவரோடு பேசக்கூட வேண்டாம். வந்து உட்கார்ந்துவிட்டுப் போனால் போதும்.

பதில் போடுங்கள் அக்கா.

உங்கள் சின்னவள்


ஜனவரி 17

சின்னவளுக்கு,

சலாம் சொன்னால் பதில் சொல்லாமல் இருப்பது பாவம். அதனால் உனக்கும் சலாம். அதோடு நிறுத்தியிருப்பேன். இவ்வளவு பெரிய காகிதத்தில் ஒரே ஒரு வரியை அனுப்ப மனசு வரவில்லை.

முதலில் ஒன்று. வேறு ஆள் கையெழுத்தில் உறை போட்டால் எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? தைத்து வந்த சட்டையைத் திருப்பிப் பார்த்தே யார் கை என்று சொல்கிறவள் நான். தபால் முத்திரையில் உன் ஊர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. தெரிந்துதான் பிரித்தேன். உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. என் கோபமெல்லாம் உன் வீட்டுக்காரன்மேல்தான்.

நீ வந்து சமாதானம் பேசுவதால் சொல்கிறேன், கேட்டுக்கொள். உம்மா மவுத்தான அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள். "மகன் வர்றானா? அவன் வர்ற வரைக்கும் வைக்கிறதா, எடுக்கிறதா?" என்று எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள். மருந்துக்கடை போனில் அவனைப் பிடித்தேன். அழுவான் என்று நினைத்தேன். "எனக்காக வச்சிருக்க வேணாம்க்கா, அடக்கிடுங்க" என்றான். ஒரே பேச்சு. அழுகை இல்லை, உம்மா எப்படி இருந்தாள் என்ற ஒரு கேள்வி இல்லை. அதை நான் திரும்பி வந்து அத்தனை பேர் முன்னாலும் சொல்ல வேண்டியிருந்தது. பெற்றவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. அடக்குவதற்கு முன்னால் தொழுகிற ஜனாஸா தொழுகையில் நிற்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் பெட்டியும் கையுமாக வந்து என் வாசலில் நின்றான். நான் கதவைத் திறக்கவில்லை. இதோ ஆறு வருஷம் ஆகப்போகிறது. அன்றைக்குச் செய்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

உடம்பு சுகமில்லை என்பதெல்லாம் என்னிடம் வேண்டாம். சின்ன வயதிலேயே அடி விழும் என்று தெரிந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துக்கொள்வான். உனக்கு அவனை எத்தனை வருஷமாகத் தெரியும்? நான் இடுப்பில் தூக்கிச் சுமந்தவள்.

ஆமாம், நான் வருகிறேன். ஒரு நாள் முழுக்க எந்த வேலையும் இல்லாமல், ஊசியைத் தொடாமல், அந்தப் பள்ளியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. நான் வருவது அல்லாஹ்வின் வீட்டுக்கு, உன் வீட்டுக்கு இல்லை. எங்கள் கூட்டம் பெண்கள் பகுதியில் வடக்குப் படிக்கட்டை ஒட்டி உட்காருமாம். கொடி பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறவர் சொல்லியிருக்கிறார். அதனால் அன்றைக்கு அந்தப் பக்கம் குழாய் ரிப்பேர் எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று உன் வீட்டுக்காரனிடம் சொல்லி வை.

போன் மட்டும் பண்ணாதே. நீ பேசும்போது பின்னால் அவன் இருமுகிற சத்தம் கேட்டாலும் எனக்கு ஆகாது.

அக்கா


பிப்ரவரி 2

அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடி சொல்லிவிட்டேன். "வடக்குப் பக்கமா? அங்க வெயில் வராது, அக்காவுக்கு நல்லதுதான்" என்றார். உங்கள் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் சமாதானம் பேச வரவில்லை அக்கா. இனிமேல் கூப்பிடவும் மாட்டேன். எனக்கும் கொஞ்சம் ரோஷம் உண்டு.

விடியலில் பள்ளியின் தரை ஐஸ் மாதிரி இருக்கும். கால் உறை போட்டுக்கொண்டு வாருங்கள்.

சின்னவள்


பிப்ரவரி 20, காலை

சின்னவளே,

நேற்று முழு நாளும் அங்கே இருந்துவிட்டு இன்று விடிந்ததும் வீடு வந்து சேர்ந்தேன். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. மிஷின்மேல் துணி மலை மாதிரி கிடக்கிறது, கிடக்கட்டும். இதை எழுதாவிட்டால் எனக்கு வேலை ஓடாது.

உள்ளே காலை வைத்ததும் அழுதுவிட்டேன். நான் அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கால் உறை போட்டும் தரை ஜில்லென்று ஏறியது. அவ்வளவு பெரிய இடம், அவ்வளவு ஜனம், ஆனால் ஒரு சத்தம் இல்லை. விடியற்காலைச் சுபுஹு தொழுதுவிட்டு ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். இங்கே வீட்டில் உட்கார்ந்தால் தலைக்குள் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே அதுவும் நின்றுவிட்டது.

முழுப் பொய் சொல்லக் கூடாது. கொஞ்ச நேரம்தான் நின்றது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் அங்கியில் விளிம்பு தையல் கோணலாக ஓடியிருந்தது. அல்லாஹ்வை நினைக்க வந்த இடத்தில் அதைப் பிரித்துத் தைக்க எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் புத்தி அப்படி. பிறகு தலையில் அடித்துக்கொண்டு வேறு இடம் மாறி உட்கார்ந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காலையில், நீல உடுப்பு போட்ட வேலையாள் யார் அந்தப் பக்கம் போனாலும் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டேன். அவன் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று. வெயில் ஏற ஏற, மூடிக்கொண்டே விரல் இடுக்கு வழியாகப் பார்க்க ஆரம்பித்தேன். லுஹருக்குப் பிறகு மூடவே இல்லை. நேராகவே பார்த்தேன். எவனும் அவன் இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் வராதே என்று சொன்னால் உடனே வராமல் இருந்துவிடுவதா? எதைச் செய்யாதே என்றாலும் அதையே செய்கிறவன், இதில் மட்டும் என்ன இவ்வளவு பணிவு?

அங்கே ஒவ்வொரு தொழுகை முடிந்ததும் ஜனாஸா தொழுகையும் நடக்கிறது, உனக்குத் தெரியாததா. அன்றன்றைக்கு அந்த ஊரில் இறந்தவர்களை அங்கேதான் கொண்டுவந்து வைக்கிறார்களாம். பெயர் சொல்வதில்லை. ஆண், பெண், குழந்தை, அவ்வளவுதான். சுபுஹுக்கு நின்றேன். லுஹருக்கும் நின்றேன், ஒரு ஆணும் ஒரு குழந்தையும் என்றார்கள். குழந்தை என்றதும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அசருக்குள் முழங்கால் இரண்டும் விட்டுப்போயின. தொழுகை முடிந்ததும் எழுந்து நகர்ந்தேன். பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்தாள். "நில்லுங்கம்மா, ஜனாஸா இருக்கு."

"யாருக்கு?"

"யாருக்குத் தெரியும்? யாரோ ஒரு ஆம்பளைக்கு."

"இத்தனை ஆயிரம் பேர் நிக்கிறீங்களே, நான் ஒருத்தி நிக்காட்டி அவருக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?" என்று சொல்லிவிட்டு நேரே குழாயடிக்குப் போனேன். அது முடிந்தால் மொத்தக் கூட்டமும் அங்கேதான் பாயும். அதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று எனக்குத்தான் தோன்றியது பார். குழாயடி காலியாக இருந்தது. ஒரு ஈ காக்கை இல்லை. கல் முக்காலியில் உட்கார்ந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஆற அமரக் காலைக் கழுவினேன். ஒலிபெருக்கியில் அந்த ஜனாஸா தொழுகையின் தக்பீர் கேட்டுக்கொண்டிருந்தது. நாள் முழுக்க அந்தச் சுகம் எனக்கு வேறு எங்கேயும் கிடைக்கவில்லை. உள்ளே போனதும் மூன்றாவது குழாய் ஒழுகுகிறது. உன் வீட்டுக்காரன் லட்சணம் இதுதானா என்று கேள்.

பொழுது சாய்ந்து மஃரிபு தொழுத பிறகுதான் விஷயமே. கையை ஏந்தினேன். எனக்கு, செத்துப்போனவர்களுக்கு, தெருவில் உள்ளவர்களுக்கு என்று எல்லாருக்கும் கேட்டு முடித்துவிட்டேன். கையை முகத்தில் தடவிக்கொண்டு எழுந்திருக்க வேண்டியதுதான். எழுந்திருக்க முடியவில்லை. 'என் தம்பிக்கு நீண்ட ஆயுளைக் கொடு' என்று வாய் தானாகக் கேட்டது. தம்பி என்று சொல்லி எத்தனை நாளாயிற்று! 'நான் நேரில் போய் அவனை வாய் நிறையத் திட்டுகிற வரைக்குமாவது நன்றாக வை' என்று கேட்டேன். கேட்டுவிட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவள் என்னைப் பார்த்துப் பயந்துபோனாள்.

சீருடைத் துணி வேலை முடியட்டும், அடுத்த மாதம் வருகிறேன். இந்தத் தடவை உன் வீட்டுக்குத்தான். அவனிடம் சொல்லு. கதவைத் திறக்காமல் பழி வாங்கினான் என்றால் உடைத்துக்கொண்டு வருவேன் என்றும் சொல்லு.

அக்கா


பிப்ரவரி 20, மாலை

சின்னவளே,

இன்று காலையில் ஒரு கடிதம் போட்டேன். அதைப் பிரிக்காதே. வந்தால் அப்படியே அடுப்பில் போட்டுவிடு. நான் கேட்கிற ஒரே உதவி இதுதான்.

லுஹர் தொழுதுவிட்டுக் கொடிக்காரர் வந்தார். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். பிறகுதான் சொன்னார். நேற்று சாயங்காலமே அவருக்கு உன் போன் வந்துவிட்டதாம். "வழியில சொன்னா தாங்கமாட்டீங்க, வீடு போய்ச் சேரட்டும்னுதான்" என்றார். பஸ்ஸில் என்னை முன் இருக்கையில் உட்கார வைத்துத் தன் போர்வையையும் கொடுத்தார். என்ன மரியாதையான மனுஷன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

தபால் ஆபீசுக்கு ஓடினேன். பை கட்டிப் போய்விட்டது. "போட்டது போட்டதுதாம்மா, எங்களால எடுத்துத் தர முடியாது" என்கிறார் அங்கே இருந்தவர். அவரிடம் சத்தம் போட்டேன். அவர் என்ன செய்வார்.

ஒன்று மட்டும் எழுது. எந்தத் தொழுகைக்குப் பிறகு அவனை வைத்தார்கள்? கொடிக்காரருக்குத் தெரியவில்லை. லுஹர் என்று எழுது. லுஹரில் நான் நின்றேன். ஒரு ஆணும் ஒரு குழந்தையும் என்றார்கள். அந்த ஆண் அவன்தானே?

உடனே எழுது.


மார்ச் 6

அக்காவுக்கு,

அசர்தான்.

உங்கள் முதல் கடிதம்தான் முதலில் வந்தது. இரண்டாவது அதற்கு இரண்டு நாள் கழித்து. நான் படித்துவிட்டேன். பிரிக்காதே என்று சொல்ல அப்போது யாரும் இல்லை.

படித்த அன்றைக்கு உங்கள்மேல் வந்த ஆத்திரத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. என் மனுஷனைக் கொண்டுபோய் அங்கே வைத்திருக்கிறார்கள். கூடப்பிறந்தவள் அதே கூரையின் கீழ் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டு, சுகமாக இருந்தது என்று எனக்கே எழுதியிருக்கிறாள். தக்பீர் கேட்டதாமே. அதைக் கிழிக்கப் போனேன். கடைசியில் ஆயுள் கேட்டீர்களே, அந்த இடத்துக்கு வந்ததும் கை ஓடவில்லை. மண்ணுக்குள் போய்விட்டவருக்கு மஃரிபில் ஆயுள் கேட்டிருக்கிறீர்கள். யாரைத் திட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கப் பயம் என்று எனக்குத் தெரியும். சொல்கிறேன். நீங்கள் வருகிற நாள் என்று வெளுத்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். "வடக்குப் படிக்கட்டுக்கு எதிர்ல ஒரு பெஞ்சி இருக்கு, அங்க உக்காந்து பார்த்துட்டு வந்துடறேன். கிட்ட போகமாட்டேன். அக்கா சொன்னா சொன்னதுதான்" என்றார். கட்டிலில் உட்கார்ந்து பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். நான் தேநீரோடு வந்தபோது சாய்ந்திருந்தார். நர்ஸ் ஓடி வந்தாள். நாடி பார்த்தாள், உயிர் இல்லை. அப்போது வெயில்கூட ஏறவில்லை.

உம்மா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போன் பண்ணியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்றைக்கு இரவு பஸ் இல்லை, அவர் கிளம்பி வந்து சேர மறுநாள் சாயங்காலம் ஆகிவிடும். மையித்தைக் காக்க வைப்பது உம்மாவுக்குச் செய்கிற கொடுமை என்று நினைத்தார். போனை வைத்ததும் ஈர உடுப்போடு தரையில் உட்கார்ந்து அழுதார். உங்கள் முன்னால் அழுதால் நீங்கள் உடைந்துவிடுவீர்கள், அங்கே எல்லாவற்றையும் பார்ப்பதற்கு வேறு ஆள் இல்லை என்றார். பிறகு நீங்கள் கதவைத் திறக்காததைப் பற்றி நான் எப்போது பேச்செடுத்தாலும், "அக்கா செஞ்சது சரிதான், விடு" என்பார்.

இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான் இத்தனை நாள் பேனாவை எடுக்கவில்லை.

அவர் போனது காலையில். அசர் வரைக்கும் நேரம் இருந்தது. "யாருக்காவது சொல்லணுமா?" என்று நர்ஸ் கேட்டாள். நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் கடிதம் அலமாரியில்தான் இருந்தது. பின்வாசல் வழியாக ஒரு ஆளை அனுப்பியிருந்தால், அசர் பாங்கு சொல்வதற்கு முன்னாலேயே நீங்கள் வந்து அவர் முகத்தைப் பார்த்திருக்கலாம். "எல்லாருக்கும் சொல்லியாச்சு" என்றேன்.

மறந்துபோய்ச் சொன்னது இல்லை அக்கா. தெரிந்துதான் சொன்னேன். அல்லாஹ்வின் வீட்டுக்குத்தான் வருகிறேன், உன் வீட்டுக்கு இல்லை என்று எழுதினீர்களே, அங்கேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆறு வருஷம் அவரை வாசலில் நிறுத்தினீர்கள், எல்லாம் முடிந்த பிறகு நீங்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். எடுத்துக்கொண்டு போன பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. ஓடிப்போய்க் கொடிக்காரருக்குப் போன் பண்ணினேன். அப்போது தொழுகை முடிந்துவிட்டது.

அங்கே வைத்திருப்பது யாரோ என்று நினைத்து நீங்கள் எழுந்து போனீர்கள். அது யார் என்று தெரிந்தே நான் உங்களைத் தடுத்தேன். எது பெரிய தப்பு என்று எனக்குத் தெரிகிறது.

இதற்கு மேல் நீங்கள் எழுதாவிட்டாலும் நான் ஒன்றும் சொல்ல முடியாது.

சின்னவள்


மார்ச் 19

சின்னவளே,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. முதல் நாள் உன்னை நான் திட்டிய திட்டில், யாரோ வந்திருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். நீ நன்றாக இருப்பாயா என்று கேட்டேன். மறுநாள் அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

இங்குள்ள பள்ளியில் தொழ வைக்கிற ஹஸ்ரத்திடம் போய்க் கேட்டேன். ஜனாஸாவைத் தவறவிட்டவள் தூரத்திலிருந்து தனியாகத் தொழலாமா என்று. சிலர் கூடாது என்பார்கள், நீங்கள் தொழுங்கள் என்றார். துணி வெட்டுகிற மேசையை நகர்த்திவிட்டு நின்று தொழுதேன். குனிவது இல்லை, நெற்றியைத் தரையில் வைப்பது இல்லை. வெறுமனே நிற்பதுதான். முழங்காலுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஒரு பொத்தான் தைக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவு சின்னத் தொழுகையா? இதையா விட்டேன்? அப்படியே உட்கார்ந்து கத்தி அழுதேன் சின்னவளே. உம்மாவுக்குக்கூட அப்படி அழவில்லை.

எது பெரிய தப்பு என்று நீ தராசு பிடிக்காதே. நான் இன்னும் உன்னை மன்னிக்கவில்லை. நீயும் என்னை மன்னித்திருக்க மாட்டாய், மன்னித்துவிட்டேன் என்று எழுதினாலும் நான் நம்ப மாட்டேன். இனி உன்னோடு பேச்சே வேண்டாம் என்றுதான் மூன்று நாள் இருந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். சின்ன வயதில் அவன் இருட்டென்றால் பயப்படுவான், கழிவறைக்குக்கூட நான்தான் கூடப் போய் நிற்க வேண்டும். இதைச் சொன்னால் சிரிக்க உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? இந்த ஆறு வருஷம் அவன் என்ன தின்றான், எதற்குச் சிரித்தான், தலை நரைத்ததா என்று எனக்கு ஒன்றும் தெரியாது. உன்னைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பேன்?

புருஷன் போனவளுக்கு உள்ள நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கிறாய், வீட்டைவிட்டு வெளியே போக முடியாது. கடை கண்ணிக்குப் போக யார் இருக்கிறார்கள்? அந்த நர்ஸ் எத்தனை நாள்தான் பார்ப்பாள்? சீருடைத் துணியை எல்லாம் இன்னொரு தையல்காரியிடம் தள்ளிவிட்டேன். நான் வந்து உன்னோடு இருக்கிறேன், இத்தா முடிகிற வரைக்கும்.

அவனை அடக்கிய இடத்தை நீயும் பார்த்திருக்க மாட்டாய். எனக்குப் போய்ப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. ஆனால் உன்னை விட்டுவிட்டுத் தனியாகப் போகமாட்டேன். குழாயடிக்குப் போனதுபோல இன்னொரு தடவை முந்திக்கொண்டு போகிற புத்தி எனக்கு வேண்டாம். நாள் முடியட்டும், இரண்டு பேரும் சேர்ந்து போவோம். அதுவரைக்கும் வீட்டுக்குள் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருப்போம். உன்னிடம் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, உனக்கும் இருக்கும்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். பள்ளிக்குப் பிறகு போய்க்கொள்ளலாம். முதலில் உன் வீட்டுக்குத்தான் வருகிறேன்.

அக்கா